கோணல் மீன் கூறும் சாட்சியம்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பங்கு இல்லத்தில் சமையற்பணி செய்யும் அம்மையார், திருவண்ணாமலைச் சந்தையிலிருந்து வாங்கிவந்த மடவை மீன்களுள் ஒன்றை மட்டும் தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். முதுகின் நடுவே சிறு திமில் போன்ற மேடு. அதற்கப்பால் உடல் கீழ்நோக்கி வளைந்து, வால் ஒருபுறமாகத் திரும்பியிருந்தது. "மீன்காரரைக் கேட்டேன் சாமி. ஐஸ் பெட்டியில் நசுங்கி வளைந்திருக்கும் என்கிறார்" என்றார் அம்மையார். பனிக்கட்டியில் வளைந்த மீன், தண்ணீரில் சற்று நேரம் கிடந்தால் இளகி நிமிரும். இது நிமிரவில்லை. அறுத்துப் பார்த்தோம். வளைவு இருந்த இடத்தில் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க முடியாதவாறு இறுகிக் கிடந்தன. அந்தக் கோணல் அதன் உயிரோடு வளர்ந்த கோணல்.

சில நாள் கழித்து, நம் பங்கில் வாழ்க்கைப்பட்ட மகளைக் காண வந்திருந்த கடலூர்ப் பக்கத்து மீனவப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் மீனைப் பற்றி வியப்படையவில்லை. அது இங்கு வந்ததைப் பற்றியே வியந்தார். "இது உங்க சந்தை வரைக்கும் எப்படி வந்துச்சுன்னுதான் தெரியலே சாமி. கோணல் மீன், புண்ணு மீன் வலையில ஏறினா நாங்க அங்கேயே கழிச்சுப் போட்டுடுவோம். ஏலக்காரர் ஒண்ணைப் பார்த்தாப் போதும், கூடை மொத்தமும் விலை போகாது" என்றார்.

அந்த ஒரு மீனைச் சான்றாகக் கொண்டு எந்த ஆற்றின்மீதும், எந்த ஆலையின்மீதும் பழி சுமத்த நான் முற்படவில்லை. ஒரு மீன் வழக்காகாது. ஆயினும் அப்பெரியவரின் சொற்கள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. நம் ஆறுகள் கடலோடு கலக்கும் கழிமுகங்களில், நீரின் நலத்தைப் பற்றிய சாட்சிகள் நாள்தோறும் வலையில் ஏறுகின்றன. நாள்தோறும் அவை கடலில் வீசப்படுகின்றன. அரசு அவற்றைக் கேட்பதில்லை. மீனவர் அவற்றைக் காட்டத் துணிவதில்லை. உண்ணும் நாம் அவற்றை அறிவதில்லை. கழிமுக நீர் தூயதா என்று அறிய வேண்டுமானால் அதில் வாழும் மீனின் உடலைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எண்ண வேண்டும். எண்ணியதை ஊரறிய வெளியிட வேண்டும். இதை வேண்டாமென்று தட்டிக்கழிப்போருக்கு விடையிறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடியும் முகத்துவாரமும்

"கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, மலையடியில் வாழும் நமக்குக் கழிமுகத்தைப் பற்றி என்ன கவலை?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஆறே விடை சொல்லும். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூர் மாநகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீரையும் சுமந்துகொண்டு தமிழகத்தினுள் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரி 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்ததை நாடே கண்டது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் தாண்டி வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலையை மூடும் படங்களையும் நாளேடுகளில் பலமுறை பார்த்துவிட்டோம். அவ்வாறு பின்னர் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட நம் சாத்தனூர் அணையில் தங்குகிறது. அந்த நீர்தான் நம் நகரத்துக் குழாய்களில் வருகிறது. அந்த அணையின் மீனைச் சுடச்சுட வறுத்துத் தரும் கடைகளைத் தேடி விடுமுறை நாள்களில் எத்தனை குடும்பங்கள் செல்கின்றன! தை மாதம் 5-ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மணலூர்ப்பேட்டையும் அதே ஆற்றின் கரையில்தான் உள்ளது. நம் அயலாரின் வழிபாடும், நம் எல்லாரின் தாகமும், நம் பலரின் உணவும் ஒரே நீரோட்டத்தில் கட்டுண்டிருக்கின்றன.

அந்த நீரோட்டம் முடியும் இடம் கடலூர். நாம் மறந்திருந்ததை 2024-ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் நினைவூட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்துக் கழிமுகம் சென்று சேர்ந்தது. வெள்ளம் போகும் வழியே அழுக்கும் போகிறது. வெள்ளம் ஆரவாரத்தோடு போவதால் நம் கண்ணில் படுகிறது, அழுக்கு ஓசையின்றிப் போவதால் படுவதில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வரும் பல இலட்சம் மக்கள் விட்டுச்செல்லும் கழிவும், நகரத்துச் சாக்கடையும், வயல்களில் நாம் தெளிக்கும் பூச்சிமருந்தும் மழையில் கரைந்து ஓடைகளுக்குச் செல்கின்றன. நகரை அடுத்து ஓடும் துரிஞ்சலாறு தென்பெண்ணையில் சேர்கிறது. மாவட்டத்தின் வடபகுதியில் ஓடும் செய்யாறு பாலாற்றில் கலந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது. எப்பக்கம் ஓடினாலும் நம் நீர் ஒரு கழிமுகத்தில்தான் போய் முடிகிறது. நாம் வேலூர் மறைமாவட்டத்தார். அம்முகத்துவாரத்தில் வலை வீசுவோர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தார். ஆற்றுக்கு இந்த எல்லை தெரியாது.

குப்பியில் அடங்காத உண்மை

கழிமுகத்து மீனவர் எவராவது "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று முறையிட்டால், வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: "நீரை எடுத்துச் சோதித்தோம்; அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன." இந்த விடையின் உள்ளடக்கத்தைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நன்னீர் நிலைகளை, அவற்றின் பயன்பாட்டுக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளது. அவற்றுள் நான்காவது வகுப்பு, வனவிலங்கு மற்றும் மீன்வளத்துக்கு உரியது. ஒரு நீர்நிலை அவ்வகுப்பில் தேர்ச்சிபெற வேண்டிய பாடங்கள் மூன்றே: அமில–காரக் குறியீடு 6.5-க்கும் 8.5-க்கும் இடையே இருக்க வேண்டும். கரைந்துள்ள பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீனுக்காக வகுத்த தேர்வில் மீனை எவரும் பார்க்க வேண்டியதில்லை! காரீயமும் காட்மியமும் பாதரசமும் இந்த மூன்று பாடங்களில் இல்லை. எண்ணெய்க் கசடு இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை. நீரடியில் வாழும் பூச்சி புழுக்களை எண்ணித் தரம் காணும் முறை ஒன்றையும் வாரியம் வகுத்தது, அது பாராட்டுக்குரியது. ஆயின் மீனவரும் மக்களும் கண்ணால் கண்டு அறியக்கூடிய மீனின் உடல், தேர்வுக்கூடத்துக்கு வெளியிலேயே நிற்கிறது.

அளவுகளைக் கூட்டிவிட்டால் மட்டும் போதுமா? குப்பியில் எடுத்த நீர், அது எடுக்கப்பட்ட நொடியைப் பற்றி மட்டுமே பேசும். காலை பத்து மணிக்கு எடுத்த நீருக்கு முந்தைய இரவில் நடந்தது தெரியாது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உட்புகுந்து எல்லாவற்றையும் நீர்க்கச் செய்கிறது; இறங்கும்போது நிலை வேறாகிறது. பெருமழை நாளில் எதைத் திறந்துவிட்டாலும் வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். கழிமுகத்து மீனோ இரவும் பகலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும், அந்நீரையே செவுளால் வடித்து மூச்சுவிடுகிறது. அந்நீரின் அடிச்சேற்றிலிருந்து உணவு கொள்கிறது. முட்டையாய் இருந்த நாள் முதல் அது பட்டதெல்லாம் அதன் உடலில் எழுதப்படுகிறது.

அந்த எழுத்தை வாசிக்க முடியும். முட்டையிலும் குஞ்சுப் பருவத்திலும் சில உலோகங்கள் எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் குலைத்தால் முதுகெலும்பு கோணும். மீனின் தோலை மூடியுள்ள வழுவழுப்பான படலம் நச்சுநீரால் சிதைந்தால், நீரில் எப்போதும் இருக்கும் நுண்கிருமிகள் உட்புகுந்து துடுப்பை அரிக்கும். உடலில் புண் உண்டாக்கும். எண்ணெய்க் கசடிலும் நிலக்கரித் தாரிலும் உள்ள சில பொருள்களைக் கல்லீரல் உடைத்து வெளியேற்ற முயலும்போது, உடைந்த கூறுகள் அதன் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகவும் புற்றாகவும் வளரக்கூடும். செவுள் மூடி குட்டையாதல், கண் மங்குதல், தாடை திருகுதல் ஆகியனவும் இவ்வரிசையில் சேர்வன.

கழிமுகத்தில் இந்த ஆபத்து பன்மடங்காவதற்கும் காரணம் உண்டு. ஆற்றுநீர் உப்புநீரைச் சந்திக்குமிடத்தில், நீரில் மிதந்துவந்த களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு வந்த உலோகங்களும் எண்ணெயும் சேற்றோடு படிகின்றன. மேலே நீர் தெளிந்து தோன்றும்போதே கீழே நஞ்சு சேர்கிறது. அதே இடத்துக்குத்தான் கடலில் பிறந்த மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வதற்காக வந்து சேர்கின்றன. குழந்தைகளுக்குரிய தொட்டிலையே குப்பைத்தொட்டியாக்கி விட்டோம்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. கோணலாய்ப் பிறந்த குஞ்சுகளுள் பெரும்பாலானவை விரைந்து நீந்த இயலாமல் பெரிய மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். வலையில் ஏறும் வரை தப்பிப் பிழைத்தவை சிலவே. ஆகவே நாம் காணும் ஒன்றுக்குப் பின்னே நாம் காணாதவை பல.

பிறர் எண்ணிக் கற்ற பாடம்

மீனின் குறையை எண்ணி நீரின் தரம் காண்பது என் கற்பனையன்று. அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் கார் 1981-இல் ஓடைகளின் நலத்தை மீன்களைக் கொண்டு மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்தார். அதில் பன்னிரண்டு அளவைகள். எத்தனை வகை மீன்கள் உள்ளன, மாசைத் தாங்காத வகைகள் எஞ்சியுள்ளனவா என்பன போன்றவற்றோடு, நோய், கட்டி, துடுப்புச் சிதைவு, எலும்புக் கோணல் உடைய மீன்கள் நூற்றுக்கு எத்தனை என்பதும் ஓர் அளவையாக வைக்கப்பட்டது. பின்னர் பல நாடுகள் தத்தம் ஆறுகளுக்கேற்ப அம்முறையைத் திருத்தி மேற்கொண்டன.

அது பயன் தந்ததா? ஓஹையோ மாநிலத்து லொரெய்ன் நகரில் ஈரி ஏரியில் கலக்கும் பிளாக் ஆற்றைப் பார்ப்போம். அங்கே எஃகு ஆலையைச் சேர்ந்த கற்கரி உலை ஒன்று கழிவை ஆற்றில் விட்டுவந்தது. ஆற்றடியில் மேயும் பழுப்புக் கெளுத்தி மீன்களை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தனர். 1982-இல், மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவற்றுள் நூற்றுக்கு 39 மீன்களின் கல்லீரலில் புற்று இருந்தது. 1983-இல் உலை மூடப்பட்டது. 1987-இல் அதே கணக்கு நூற்றுக்கு 10 ஆகக் குறைந்தது. பின்னர் அடிச்சேற்றைத் தூர்வாரியபோது, புதைந்து கிடந்த நஞ்சு கலங்கி நோய் மீண்டும் கூடியது. தூர்வாரிய பின்னர் பிறந்த தலைமுறை வளர்ந்தபோது குறைந்தது. உலை மூடியதையும் சேறு கலங்கியதையும் ஆறு தெளிந்ததையும் கெளுத்தி மீன் ஆண்டுவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தது. எண்ணியவர்கள் இருந்ததால் அதை உலகம் அறிந்தது.

எண்ணாமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா சாட்சி. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை அவ்விரிகுடாவில் பாதரசக் கழிவைக் கொட்டியது. முதலில் மீன்கள் செத்து மிதந்தன; பறவைகள் பறக்க இயலாமல் விழுந்தன; மீன் தின்ற பூனைகள் வலிப்புற்றுச் சுழன்று மடிந்தன. மீனவக் குடும்பங்கள் இவற்றையெல்லாம் கண்டன. 1956 மே மாதம் மனிதரிடத்தே அந்நோய் முறையாகப் பதிவாயிற்று. ஆலையின் மருத்துவரே 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி, அதே நோய் வரக் கண்டார். அந்த முடிவு வெளிவராமல் தடுக்கப்பட்டது. கழிவு கொட்டுவது நின்றது 1968-இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளிலும் சொல்லப்பட்ட விடை, "இன்னும் நிரூபணம் ஆகவில்லை" என்பதே. தாய் வயிற்றிலிருந்தபோதே நஞ்சுண்டு பிறந்த குழந்தைகள் அந்த விடைக்கு விலை கொடுத்தனர். முறையாக ஏற்கப்பட்ட நோயாளிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

வீட்டுக்கு அருகே எண்ணூர்

கடல் கடந்து போக வேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் நம்முடையதே. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும், மணலித் தொழிற்சாலைகளின் கழிவும் பல பத்தாண்டுகளாக அங்கே சேர்ந்துவருகின்றன. சென்னை பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையினர், எண்ணூரில் பிடித்த மடவை மீன்களையும் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக் கழிமுகத்தில் பிடித்த மடவை மீன்களையும் ஒப்பிட்டு ஆய்வுகள் செய்து வெளியிட்டுள்ளனர். ஒரே இனம், ஒரே கடற்கரை. ஆயினும் எண்ணூர் மீனின் கல்லீரல் அணுக்கள் மாசின் தாக்குதலால் மிகுந்த துன்பத்துக்கு உள்ளானமையை அவர்கள் கண்டனர். வெளியே கோணல் தெரியும் முன்பே உள்ளே உடல் போராடிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். நம் நாட்டில் இதைச் செய்யும் அறிவு இல்லையென்று இனி எவரும் கூற இயலாது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பெருகி, பக்கிங்காம் கால்வாய் வழியே அக்கழிமுகத்தை மூடியது. அலையாத்தி மரங்களின் வேர்களும் கூழைக்கடாக்களின் இறகுகளும் கறுத்தன. படகுகளும் வலைகளும் பாழாயின. அத்தோடு முடிந்ததா? அப்பகுதி மீன் என்றாலே வாங்குவோர் தயங்கினர். எண்ணெயைக் கொட்டாத மீனவர், எண்ணெயால் வலையையும் இழந்து, அச்சத்தால் விலையையும் இழந்தனர். கடலூர்ப் பெரியவர் கோணல் மீனை ஏன் கடலிலேயே கழித்துவிடுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

"எல்லாப் புண்ணும் மாசினாலா?"

எதிர்வாதம் செய்வோர் வலுவாக எடுத்துரைக்கும் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே அறம். மீனில் காணும் எல்லாப் புண்ணும் மாசினால் வருவதன்று. 1988-இல் நம் நாட்டின் வடகிழக்கில் நுழைந்து, சில ஆண்டுகளில் தென்னகம் வரை பரவிய மீன்புண் நோய் விராலையும் கெண்டையையும் கொத்துக் கொத்தாய் அழித்தது. பூச்சிமருந்தின் மேல் ஐயம் கொண்டோர் அப்போது பலர். நீர்ப்பூஞ்சை ஒன்றே அதன் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வலையில் சிக்கிக் கிழிந்த துடுப்பு உண்டு, ஒட்டுண்ணி உண்டு, பண்ணைக் குஞ்சுகளில் உறவுக்குள் இனம் பெருகுவதால் வரும் கோணலும் உண்டு.

இவை அனைத்தும் உண்மை. ஆயின் இவ்வுண்மையிலிருந்து "ஆகவே மீனைப் பார்க்க வேண்டாம்" என்று முடிவு கட்டுவது எங்ஙனம்? காய்ச்சலுக்குக் காரணங்கள் பல என்பதால் எந்த மருத்துவரும் வெப்பமானியைத் தூக்கி எறிவதில்லை. காரணங்கள் பல என்பதால்தான் எண்ணிக்கை வேண்டும். பூஞ்சைப் புண் குளிர்மாதங்களில் பெருகித் தணியும். மாசினால் வரும் குறை ஆண்டு முழுதும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். பூஞ்சை ஆறு முழுவதும் பரவும். மாசு ஒரு வாய்க்கால் வந்து விழும் இடத்துக்குக் கீழே கூடும், மேலே குறையும். மாதந்தோறும், ஒரே இடங்களில், ஒரே வகை வலையால் பிடித்த மீன்களை இனவாரியாக எண்ணினால் இந்த வேறுபாடு தானே புலப்படும். எண்ண மறுத்துவிட்டு, "எண்ணிக்கை இல்லையே, எப்படி நம்புவது?" என்று மீனவரையே கேட்பது நேர்மையாகாது.

மீனின் சாட்சியம் எங்கே எந்த ஆலை என்று பெயர் சொல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது மணி அடிக்கும். திருடனைப் பிடிப்பது காவலரின் வேலை. மணி அடித்த இடத்துச் சேற்றையும் கழிவையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிக் காரணத்தைத் துருவுவது வாரியத்தின் கடமை.

சட்டம் சொன்னது என்ன?

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசு என்பதற்கு வரையறை தருகையில், மனிதரின் உடல்நலத்துக்குக் கேடானதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. விலங்குகள், செடிகொடிகள், நீர்வாழ் உயிரிகள் ஆகியவற்றின் உயிருக்கும் நலத்துக்கும் ஊறு செய்வதையும் மாசு என்றே அது கூறுகிறது. மீனின் நலத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் தன் கணக்கில் சேர்த்துவிட்டது. அந்த நலத்தைப் பார்த்து அளக்கும் ஏற்பாடுதான் வழக்கத்துக்கு வரவில்லை.

நம் பக்கத்துப் பாலாற்றிலேயே இன்னொரு பாடம் உண்டு. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருங்கேடு வரும் அச்சம் இருக்குமிடத்தில், அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், தன் தொழில் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்பவரையே சாரும் என்றும் அது உரைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றின் கேட்டுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு எழுதினால் மட்டும் ஆறு தெளிவதில்லை. நாள்தோறும் பார்த்துச் சொல்லும் சாட்சி வேண்டும். அச்சாட்சியை மீனே தருகிறது.

செய்ய வேண்டுவன

முதலாவது, தென்பெண்ணை, பாலாறு, கெடிலம், கொசஸ்தலை ஆகியவற்றின் கழிமுகங்களில் மாதந்தோறும் மீன்களின் உடற்குறைகளை எண்ண அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. துடுப்பு அரிப்பு, தோற்புண், கட்டி, எலும்புக் கோணல் என்னும் நான்கையும் பயிற்சி பெற்ற எவரும் கண்ணால் கண்டு குறிக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்திலேயே இருக்கிறது. அங்குள்ள அறிஞர்களும் நம் கல்லூரிகளின் விலங்கியல் மாணவரும் கைகோத்தால் இது நடவாததன்று.

இரண்டாவது, எண்ணியதை மறைக்கலாகாது. ஒவ்வொரு கழிமுகத்தின் கணக்கும் தமிழில் அச்சாகி, மீனவ ஊர்ப் பலகையிலும், அந்த ஆறு கடந்துவரும் ஊர்களின் கிராம சபைகளிலும் வைக்கப்பட வேண்டும். சாத்தனூரிலும் மணலூர்ப்பேட்டையிலும் அது படிக்கப்பட வேண்டும். கழிமுகத்தின் கணக்கு நம் ஊர்க் கணக்கேயாகும்.

மூன்றாவது, என் பார்வையில் எல்லாவற்றினும் முதன்மையானது: குறையுள்ள மீனைக் கொண்டுவந்து காட்டும் மீனவருக்கு, நல்ல மீனுக்குரிய விலையை அரசே கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் கூடை விலை போகாது என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவரிடம் சாட்சியம் எதிர்பார்ப்பது கொடுமை. மாசு செய்தவர் செலுத்த வேண்டிய இழப்பீட்டிலிருந்து அவ்விலையைத் தரலாம்.

இனி நம் பங்கு. மீனை வெறுத்து ஒதுக்குவது தீர்வன்று. அது குற்றமற்ற மீனவரையே தண்டிக்கும். சந்தையில் மீன் வாங்கும் நாம், "இது எந்தத் துறையில் இறங்கியது?" என்று கேட்கப் பழக வேண்டும். கேட்பவர் பெருகினால் விற்பவர் தெரிந்துவைத்துக்கொள்வர். ஒரு மீனின் கோணலை அது வளர்ந்த நீர்வரை தொடரவும் வழி பிறக்கும். நம் அன்பியக் கூட்டங்களிலும் பங்குப் பேரவைகளிலும் கல்லறைச் சுவருக்கும் திருவிழாக் கொடிக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று ஆராயவும் ஒதுக்கலாம். விவசாயிகளாயுள்ள நம் மக்கள், தெளித்து முடித்த பூச்சிமருந்துக் குப்பியை வாய்க்காலில் கழுவும் பழக்கத்தை விடலாம். பிறர் ஆலையைச் சுட்டும் விரலுக்கு, நம் கை தூய்மையாக இருந்தால்தான் வலிமை உண்டு.

கடலூர்ப் பெரியவர் விடைபெறும்போது பேருந்து நிறுத்தம்வரை உடன் சென்றேன். ஏறும் முன் அவர் திரும்பிச் சொன்னார்: "அடுத்த தடவை கோணல் மீன் ஏறினாக் கழிக்கலே சாமி. உப்புப் போட்டுக் காயவெச்சு எடுத்து வைக்கிறேன். ஆனா, யாராவது கேட்டு வருவாங்களா?"

அக்கேள்வியை வாசகர் முன் வைக்கிறேன். வருவார்கள் என்று அவருக்கு விடை சொல்லும் பொறுப்பு, அவர் வலை வீசும் ஆற்றின் நீரைக் குடிக்கும் நம்முடையது.